அம்மன் சக்கரத்தில் ஏறிய பியானோ

கிரீச். கிரீச். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் கிரீச்.

கிள்ளானில் ஒரு பேரங்காடி. எனக்கு வாய்த்த தள்ளுவண்டியின் நான்கு சக்கரங்களில் மூன்று என் பேச்சைக் கேட்டன. முன்பக்கத்து இடது சக்கரம் மட்டும் தனிக்கட்சி. நான் அரிசி பக்கம் திருப்பினால் அது பிஸ்கட் பக்கம் இழுத்தது. "வேற வண்டி எடுங்களேன்" என்றாள் மனைவி. நான் எடுக்கவில்லை. நடுவழியில் குத்தவைத்து உட்கார்ந்து அந்தச் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தேன்.

"ரப்பரு நல்ல ரப்பருதான். கழுத்துதான் சரியில்ல" என்று என் வாய் சொன்னது.

சொன்னது வாய்தான். குரல் என்னுடையது அல்ல. எங்கள் தோட்டத்து ஃபிட்டர் மணியத்தின் குரல், எத்தனையோ வருடம் என் தொண்டைக்குள் ஒளிந்து கிடந்துவிட்டு இன்று சாமான் வாங்க வந்திருந்தது.

என் வாழ்க்கையில் பெண் பைத்தியம் வந்ததுண்டு, கவிதைப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. இந்தப் பத்தியில் போன வாரங்களில் இரண்டையும் எழுதிவிட்டேன். சக்கரப் பைத்தியத்தைச் சொல்லவே இல்லையே!

மூடிய கதவு

எழுபதுகள் முடிந்துகொண்டிருந்தன. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, பனி காலையில் வந்தால் மத்தியானம்வரை விருந்தாடும் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே பெரிய கிராணி, அதாவது தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. அக்கா திலகா அதே ஆபீசில் டைப்பிஸ்ட். நான் ஃபேக்டரியில் தற்காலிக வேலை, நிரந்தரக் கனவு.

உச்சியில் பங்களா. அதில் கடைசி வெள்ளைக்காரத் துரையும் அவர் மனைவியும். அந்த அம்மாளைத் தோட்டமே துரைசாணி என்றுதான் சொல்லும். நேரில் மேடம்.

துரைசாணிக்குத் தமிழ் தெரியும். ஆனால் அவர் தமிழில் எல்லாமே கட்டளைதான். கொண்டா. போ. சாத்து. சுருக்கா. சமையல்காரரிடமும் தோட்டக்காரரிடமும் பொறுக்கிய தமிழ், வேறெப்படி இருக்கும்? அந்தத் தமிழில் 'நீ எப்படி இருக்கிறாய்' என்பதற்கு இடமே இல்லை. கேள்வி கேட்பதென்றால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்.

ஒருநாள் ஆபீசுக்கு வந்தவர் அக்கா டைப் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். அப்புறம், "வா" என்றாராம். அவ்வளவுதான். அந்த ஒற்றை 'வா'வுக்குப் பின்னால் போன அக்கா, வருடக்கணக்கில் வாரம் தவறாமல் பங்களாவுக்குப் போய் பியானோ படித்தாள்.

ஒரே ஒரு சிக்கல். அக்கா வாசிப்பதைத் துரைசாணியைத் தவிர யாரும் கேட்டதில்லை. அறையில் மூன்றாவதாக ஒரு ஆள் வந்தால் அக்காவின் விரல்கள் நின்றுபோகும். துரைக்கே அனுமதி இல்லை. ஒரு கிறிஸ்மஸ் விருந்தில் துரைசாணி எல்லார் முன்னாலும் அவளை வாசிக்கச் சொன்னார். அக்கா கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனாள், சமையலறைக் கதவு வழியாக வெளியேறினாள், வீட்டுக்கு வந்து இடியப்பம் பிழிய உட்கார்ந்துவிட்டாள். அம்மா, "விருந்து முடிஞ்சிருச்சா?" என்று கேட்டதற்கு, "எனக்கு முடிஞ்சிருச்சு" என்றாள்.

பிறகு தோட்டம் கைமாறியது. துரையும் துரைசாணியும் தங்கள் நாட்டுக்குத் திரும்புவது முடிவானது. பியானோவை அக்காவுக்கே கொடுத்துவிட்டார் துரைசாணி. ஆனால் துரைக்கு ஒரு கெடு உண்டு. சனிக்கிழமை மதியம் அவர்களுடைய காடி, கார்தான், கிளம்பும்போது பங்களாவைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் பியானோ வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால், அதன்மேல் கண் வைத்திருந்த தானா ராத்தா ஊர் ஹோட்டல்காரருக்குப் போய்விடும்.

அக்கா அன்று என்னிடம் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. "தம்பி, நீ நெலாவுக்குப் பத்து உவமை தேடுவியே, எனக்கு நாலு சக்கரம் தேடிக் குடுலா" என்றாள்.

எலுமிச்சங்காய் அளவு

பியானோவுக்கு ஏற்கெனவே சக்கரம் இருந்தது. மூன்று கால், மூன்று பித்தளைச் சக்கரம், ஒவ்வொன்றும் எலுமிச்சங்காய் அளவு. என்ன அழகு! பங்களாவின் மரத்தரையில் தள்ளினால் பூனை நடப்பது மாதிரி நகரும். ஆனால் வாசல்படிக்கு வெளியே நம் உலகம் சரளைக்கல்லும் செம்மண்ணும். ஒரு நிலக்கடலை குறுக்கே கிடந்தால் போதும், அந்த எலுமிச்சங்காய் நின்றுவிடும்.

லோரி வைக்கலாமே என்பீர்கள். மழையில் பங்களா ரோட்டின் ஓரம் சரிந்து கிடந்தது. காடி உரசிக்கொண்டு போகும், லோரி போனால் பள்ளத்தில்தான் போய் நிற்கும். ஆக, கீழே முச்சந்தி வரைக்கும், அங்கிருந்து எங்கள் வீடுவரைக்கும், உருட்டித்தான் போக வேண்டும்.

இப்படித்தான் எங்கள் தோட்டத்தில் சக்கரக் காய்ச்சல் தொடங்கியது. ஒரே வாரத்தில் எல்லாருமே நிபுணர்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சக்கரம், தண்ணீர்க் குழாயடியில் சக்கரம், முடிதிருத்துபவர் கத்தியை என் கழுத்தில் வைத்துக்கொண்டு, "ரப்பரவிட இரும்புதானே நல்லது, நீயே சொல்லு" என்றார். அந்த நிலையில் யார் வேறு கருத்து சொல்வார்கள்? இரும்பு என்றேன்.

இரும்பையே முதலில் சோதித்தோம். ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி தள்ளுகிற வண்டி. ஃபிட்டர் மணியம் வாயில் எப்போதும் ஒரு ஆணி வைத்திருப்பார், பேசும்போது அது மேலும் கீழும் ஆடும். அவர் வண்டியில் மூட்டைகளை அடுக்கி, உச்சியில் ஒரு கிளாஸ் தே ஓ, பால் இல்லாத டீ, வைத்தார். "தே சிந்தலன்னா பியானோவும் சிந்தாது" என்பது அவர் கணக்கு. முற்றத்தில் நாலு முழம் தள்ளினோம். தே கிளாஸுக்குள் துள்ளியது, குதித்தது, வெளியே வந்து என் சட்டையில் உட்கார்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த அக்கா தன் பல்லே ஆடுவதைப் போல தாடையைப் பிடித்துக்கொண்டாள். இரும்பு வேண்டாம்.

எழுந்து உட்கார்ந்த பிணம்

அடுத்தது தோட்டத்து ஆஸ்பத்திரியின் நோயாளி வண்டி. ரப்பர் சக்கரம், சத்தமே இல்லை, எந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பும். எனக்குக் காதலே வந்துவிட்டது.

மூட்டை தூக்கிவர ஆள் இல்லை. நானே ஏறிப் படுத்தேன். தே ஓ கிளாஸை நெஞ்சில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தூறலும் குளிருமாக இருந்ததால் மணியம் இரக்கப்பட்டு, வண்டியிலிருந்த வெள்ளைத் துணியை என் மூக்குவரைக்கும் போர்த்திவிட்டார். பிறகு, லேசாக, மிக லேசாகத் தள்ளினார்.

அந்தச் சக்கரங்களின் கழுத்துகள் நாலும் நாலு திசையில் யோசித்தன. அப்புறம் ஒன்றுகூடிச் சரிவு என்று முடிவெடுத்தன. நான் ஓசையே இல்லாமல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பறந்தேன். வானம் என் மேல் ஓடியது. பனி வாயைத் திறந்து என்னை விழுங்கி, மறுபக்கம் துப்பியது. இவ்வளவு அழகான பயணம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி, வெள்ளைத் துணி, நெஞ்சில் கை, பெரிய கிராணி மகனின் நெற்றி. கூடையை இறக்கி வைத்தார்கள். ஒருத்தி ராகம் இழுத்தாள், இன்னொருத்தி அதில் என் பெயரைச் சேர்த்தாள். நான் ஒரு புதரில் மோதி நின்று எழுந்து உட்கார்வதற்குள், படிப்பு, குணம், கட்டாத தாலிவரைக்கும் பாடி முடித்திருந்தார்கள். என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நல்லதாகப் பாடியதில்லை.

"தே கொட்டிருச்சு" என்றேன்.

பாட்டு நின்றது. ராகம் இழுத்தவள் மூக்கைச் சிந்திவிட்டு, "அழுதது அழுததுதான். திருப்பி எடுக்க முடியாதுலா. நீ எப்பவாச்சும் போறப்ப நாங்க அழ மாட்டோம், சொல்லிட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு ஃபேக்டரிக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தி புதருக்குப் பின்னாலிருந்து ராகம் இழுப்பாள்.

மணியம் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்து, ஆணியை ஆட்டினார். "ரப்பரு நல்ல ரப்பருதான். கழுத்துதான் சரியில்ல. முன்ன ரெண்டு திரும்பணும், பின்ன ரெண்டு திரும்பவே கூடாது. பெருசா இருக்கணும். சின்னது குழியில விழும், பெருசு குழிய மிதிச்சிட்டுப் போயிரும்."

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன். இருவர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயின. மாரியம்மன் கோயில் கொட்டகை.

சக்கரத்தோடு வந்தவை

எங்கள் தோட்டத்துத் தேர் சின்னது. ஃபேக்டரி ஆட்களே செய்தது. பழைய காடிச் சக்கரம் நாலு, காற்றடைத்த டயர். பின்னால் இரண்டும் திரும்பாது, முன்னால் இரண்டும் ஒரு நீளமான கம்பால் திரும்பும். திருவிழா முடிந்ததும் மேல்கூண்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு மரமேடையும் நாலு சக்கரமும். அதாவது, பியானோவுக்கென்றே அளவெடுத்தது மாதிரி.

தேருக்குப் பொறுப்பு பெருமாள் கங்காணி, கோயில் தலைவர். போய்க் கேட்டேன். அவர் வெற்றிலையை நிதானமாக மடித்தார். அந்தச் சாமான் எதில் செய்தது என்றார். மரம், கம்பி, கம்பளி, விரல் வைக்கும் கட்டைகளின் மேலே யானைத் தந்தம் என்றேன். யானை பிள்ளையார் வகை, குற்றமில்லை என்று தீர்ப்பு சொன்னார். தோல் இருக்கிறதா என்றார். எனக்குத் தெரிந்து இல்லை.

"குடுக்கலாம். ஆனா சக்கரம் கேட்டா சக்கரம் மட்டும் வராது தம்பி. அதோட வழக்கமும் சேந்து வரும்."

வழக்கங்களை அவர் விரல் மடக்காமல் சொல்லிக்கொண்டே போனார். தேரோடு நடக்கிறவர்கள் செருப்புப் போடக்கூடாது. அன்றைக்கு மாமிசம் கூடாது. தேரின் மேல் ஆள் இல்லாமல் ஓடக்கூடாது. ஒவ்வொரு லயத்து முன்னாலும், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசை ஒவ்வொன்றின் முன்னாலும், நிற்க வேண்டும். நின்றால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட வேண்டும். அப்புறம், தேர் நிற்கிற இடத்தில் வாத்தியம் ஒலிக்க வேண்டும். ஊமையாக நின்ற தேர் ஊருக்கு ஆகாது.

உருமிமேளக்காரர்களும் நாதஸ்வரக்காரரும் கம்போங் ராஜாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார்கள்.

"வாத்தியந்தான் மேலயே உக்காந்திருக்கே. அதையே வாசிக்கச் சொல்லு ஒங்க அக்காவ" என்றார் கங்காணி.

அக்காவிடம் சொன்னேன். ஹோட்டல்காரருக்கே போகட்டும் என்றாள். ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் நான் எழுந்தபோது தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

ஊமைத்தேர்

சனிக்கிழமை. ஃபேக்டரி ஆட்கள் கூடி, பிள்ளையைத் தூக்குவது மாதிரி தூக்கி, பஞ்சுமெத்தை போட்ட மேடையில் பியானோவை ஏற்றினார்கள். கால்களைக் கட்டினோம், ஸ்டூலையும் கட்டினோம். அக்கா ஏறி உட்கார்ந்தாள். ஒருவர் கம்பைப் பிடிக்க, இரண்டு பக்கமும் வடம் பிடிக்க, முட்டுக்கட்டை என் பொறுப்பு. பெருமாள் கங்காணி பின்னோக்கி நடந்தபடியே, "கட்டைய எடு!" என்றார்.

உருண்டது! குழியை மிதித்தது, கல்லை விழுங்கியது, ஒரு நடுக்கம் இல்லை. மணியம் பியானோவின் முதுகில் ஒரு கிளாஸ் தே ஓ வைத்திருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்குச் சிறகு முளைத்துவிட்டது.

பின்னாலேயே துரையின் காடியும் பங்களாவைப் பூட்டிவிட்டுக் கிளம்பியது. ரோடு ஒன்றுதான், அதன் அகலம் முழுக்கத் தேர். காடி நத்தை மாதிரி எங்கள் பின்னால் வந்தது. ஓட்டுநர் பாக் மாட் ஹாரனில் கை வைக்கப் போய், மேலே பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

முதல் லயம் வந்தது. கங்காணி குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "கட்டை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

வீட்டுக்கு வீடு ஆட்கள் தாம்பாளத்தோடு நின்றார்கள். தேங்காய், கற்பூரம், கதம்பம். அவர்களுக்கு அந்தச் சக்கரம் வந்தால் அம்மன் வந்த மாதிரி. மேலே என்ன இருக்கிறது என்பது அப்புறம். கற்பூரத்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள்.

அக்கா மூடியைத் திறந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். கற்பூரம் எரிகிறது. அவள் கீழே குனிந்து என்னிடம், "தம்பி, என்னால முடியாதுலா. நீ ஏதாச்சும் பாடேன்" என்றாள்.

நான் பாடினேன். என் சொந்தக் கவிதை, என் சொந்த மெட்டு. படுத்திருந்த ஒரு நாய் எழுந்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த லயத்துக்குப் போய்விட்டது.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கியது, விரல் தவறிப்போய் ஒரு கட்டையில் பட்டது. டிங். பனிக்குள் அந்த ஒரு ஒலி எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் அக்காவின் இன்னொரு விரலும் போனது, இன்னொன்றும். என்னைப் பாடிய அந்தக் கொழுந்துக்காரி கும்பலிலிருந்து, "அம்மன் பாட்டு வருமா?" என்று கேட்டு, தானே இரண்டு வரி பாடிக் காட்டினாள். அக்கா அதை ஒற்றை விரலால் தேடினாள். கிடைத்தது. இடது கை தானாக வந்து கீழே ஒரு கம்பளம் விரித்தது.

திரும்பிப் பார்த்தேன். காடிக் கதவு திறந்திருந்தது. துரைசாணி ரோட்டில் நின்றார். எல்லார் காலையும் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். குனிந்து, தோல் செருப்புகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, செம்மண்ணில் நடந்து வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்.

தோல்

இரண்டாவது லயத்திலும் கங்காணியின் அதே "கட்டை போட்டாச்சா?", அப்புறம் ஒரு சினிமாப் பாட்டு. மூன்றாவதில் பிள்ளைகள் ஆடியே விட்டார்கள். அக்கா முகத்தில் எரியும் கற்பூரத்தின் நிறம். எங்கள் அம்மாவும் அந்தக் கும்பலில்தான் நின்றாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. மகள் வாசிப்பதை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

கடைசி லயம் சரிவில். கட்டையைப் போட்டேன். மண் ஈரம். அக்கா ஏதோ வேகமான ஒன்றைத் தொடங்கினாள், கட்டை சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு என் கையைவிட்டுப் போனது. தேர் அசைந்தது. தே ஓ கிளாஸ் முதல்முறையாகச் சாய்ந்தது. வடம் பிடித்தவர்கள் தாம்பாளத்தில் திருநீறு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை, வாசித்துக்கொண்டே எங்களைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

துரைசாணி என்னைத் தாண்டிக் குதித்தார். கையிலிருந்த செருப்பு இரண்டையும் சேர்த்துச் சக்கரத்துக்கு முன்னால் திணித்தார். டயர் அவற்றின் மேல் ஏறி, நசுக்கி, பெருமூச்சு விட்டு நின்றது. நான் ஓடிப்போய்க் கட்டையை எடுத்து வந்து அறைந்தேன்.

பாட்டு நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். அம்மன் சக்கரத்துக்கு அடியில் தோல் செருப்பு. நான் கங்காணியின் முகத்தையே பார்த்தேன். அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார், வெள்ளைக் காலில் அப்பியிருந்த செம்மண்ணைப் பார்த்தார், மேலே அக்காவைப் பார்த்தார். சொம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரைச் சக்கரத்தில் தெளித்தார். அதே கையோடு துரைசாணியின் தலையிலும் கொஞ்சம் தெளித்தார்.

"வாசிம்மா. நிறுத்தாத" என்றார்.

முச்சந்தி

முச்சந்தியில் வலப்பக்கம் இறங்கினால் ரிங்லெட், தாப்பா, அதற்கப்பால் கடல். இடப்பக்கம் எங்கள் வீடு. அப்பா நிலைக்கதவைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றது அங்கிருந்தே தெரிந்தது, கதவைத் திருட வந்தவர் மாதிரி.

தேரை ஓரம் கட்டினோம். காடி முன்னால் வந்தது. துரை கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயற்சி செய்துகொண்டிருந்தார். அக்கா இறங்கி ஓடினாள். பாடம் முடிந்த ஒவ்வொரு நாளும் போலவே இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். இந்த முறை கையை யாரும் எடுக்கவில்லை. துரைசாணியின் ஈரத் தலையில் ஒரு துளி மஞ்சள் காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. மண் காலோடு காடியில் ஏறினார். பாக் மாட் கதவைச் சாத்தப் போகும்போது கையைக் காட்டி நிறுத்தினார். அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அங்கே ஓரத்தில் பியானோ, அதன் முதுகில் காலி கிளாஸ், சக்கரத்தருகே குத்தவைத்தபடி நான்.

அத்தனை வருடத்தில் அந்த அம்மாள் தமிழில் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"கட்டை போட்டாச்சா?"

அக்கா திரும்பியே பார்க்கவில்லை.

"போட்டாச்சு மேடம். நீங்க கெளம்புங்க."